மஸ்டாங், கமாரோ, சலஞ்சர்: எந்தக் காலத்து எஞ்சினை நம்பி எடுக்கலாம்?

நிலாவெளி வீதி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணா ஸ்காபரோவில் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அமெரிக்க வி8 (எட்டுச் சிலிண்டர் எஞ்சின்) கார் விசர். இப்போதுதான் கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, பாவித்த கார் ஒன்று எடுக்கப் போகிறாராம். நான் உப்புவெளிப் பக்கம் ஒரு கராஜில் நிற்கிறேன் என்பதால் "நீதானே மெக்கானிக், எதை எடுக்கட்டும், சொல்லு" என்று அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில், அதாவது எங்களுக்கு விடியச் சாமத்தில், போன் எடுக்கிறார்.

என் கைக்கு வருவது டொல்பின், கேடிஎச் வான்கள், ஓல்டோக் கார், ஆட்டோ. இங்கே யாராவது "வி8" என்று சொன்னால் அது பெரிய ஆட்கள் வந்து இறங்கும் லேண்ட் குரூசர்தான். மஸ்டாங்கை யூடியூப்பில் பார்த்ததோடு சரி.

அவர் பார்த்து வைத்திருப்பவை: ஃபோர்டின் 2006 மஸ்டாங் ஜிடி, 4.6 லீற்றர். செவ்ரோலேயின் 2012 கமாரோ எஸ்எஸ், ஓட்டோ கியர். டொட்ஜின் 2016 சலஞ்சர் ஆர்டி, 5.7 லீற்றர் ஹெமி எஞ்சின். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் 2015க்குப் பிந்திய மஸ்டாங் ஜிடி ஒன்றும் கைக்கு எட்டுமாம். இதற்கிடையில் அவருடைய கூட்டாளி ஒருவர், "இதெல்லாம் கம்பியூட்டர் பெட்டி, எழுபதாம் ஆண்டுக் கார் ஒன்றை எடு, அதுதான் அசல், விலையும் ஏறும்" என்று குழப்பிவிட்டிருக்கிறார். அந்தக் காலத்து ஹெமி 425 குதிரைவலு, 2016 ஆர்டி ஓட்டோ கியரில் 372 தான், அப்படியென்றால் புதியது குறைவுதானே என்று அண்ணா கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

தினமும் வேலைக்குப் போவதும் இதில்தான், பனிக்காலத்திலும் சேர்த்து. வீட்டில் அண்ணியும் ஒரு சின்னப் பிள்ளையும். இந்தக் கார்களைக் கையால் தொட்டவர்கள், ஓடியவர்கள், எது நின்று பிடிக்கும், எது கரைச்சல் தரும், எதற்கு என்ன குணம் என்று சொன்னால் நல்லது.


பழைய பிஸ்டன்:

தம்பி, நான் மட்கோப் பக்கம். சவூதியில், தமாமில், கராஜ் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். பெற்றோல் மலிவாகக் கிடைத்த நாடு, வீட்டுக்கு வீடு ஒரு செவ்ரோலே கப்ரிஸ் நிற்கும். மஸ்டாங், கமாரோ, சார்ஜர் எல்லாம் பெடியன்கள் கொண்டுபோய் உடைப்பார்கள், நாங்கள் கட்டிக் கொடுப்போம். ஆகவே பெரும்பாலும் கழற்றிப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த 425 கணக்கை முடித்துவிடுவோம். அமெரிக்கக் கொம்பனிகள் 1971 வரை எழுதிய குதிரைவலு, வெறும் எஞ்சினைத் தனியே நிறுத்தி அளந்தது. ஏர் கிளீனர் கிடையாது, காரில் வரும் சைலன்சர் கிடையாது, வேறு சுமை ஒன்றும் கிடையாது. 1972 மொடலிலிருந்து காரில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றையும் பூட்டி அளக்கத் தொடங்கினார்கள். 1971இல் ஜெனரல் மோட்டோர்ஸ் இரண்டு கணக்கையும் போட்டது. கொர்வெட்டின் சாதாரண 350 கன அங்குல எஞ்சின் பழைய கணக்கில் 270, புதிய கணக்கில் 210. அதே ஆண்டு, அதே இரும்பு. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஃபோர்ட் தன் 428 கன அங்குல கோப்ரா ஜெட் எஞ்சினை 335 என்று குறைத்து எழுதியது, உண்மை அதைவிடக் கூட என்பது ஓடியவனுக்கெல்லாம் தெரியும். அறுபதுகளின் இலக்கத்தை இன்றைய இலக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கணக்கு ஒருநாளும் சரிவராது.

அதற்காக அந்தக் காலத்து 426 கன அங்குல ஹெமி பொய் எஞ்சின் இல்லை. 1964 டேட்டோனா ஓட்டத்துக்கென்று செய்ததை 1966இல் வீதிக்கு விட்டார்கள், அதன் ஹெட்டைப் பார்த்தாலே பயம் வரும். ஆனால் எஞ்சினைச் சுற்றி இருந்த காரைப் பார். பின்னால் லொறிக்குப் போடுகிற மாதிரிக் கட்டுவில், பல கார்களில் நாலு சில்லுக்கும் டிரம் பிரேக், பழைய வகை ரயர். நேரே போகும், வளைக்கச் சொன்னால் யோசிக்கும், நிறுத்தச் சொன்னால் இன்னும் யோசிக்கும். காபரேற்றரும் பொயின்ற்றும் உள்ள காரை ரொறன்ரோக் குளிரில் காலையில் எழுப்பி வேலைக்குப் போவதாம்! அந்தக் கூட்டாளி தான் ஒன்றை வைத்து ஓடுகிறாரா என்று முதலில் கேட்கச் சொல்லு. சனி ஞாயிறு வெயிலில் எடுத்து ஓட அது அந்தமாதிரிக் கார், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எழுபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். புகைச் சட்டம், 1973 எண்ணெய் நெருக்கடி, காப்புறுதி எல்லாம் சேர்ந்து இந்த இனத்தையே படுக்க வைத்தன. 1974 மஸ்டாங்கில் வி8 என்பதே இல்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்த 5.0 சுமார் 140 குதிரைவலுதான்.

திரும்ப உயிர் வந்தது ஃபொக்ஸ் மஸ்டாங்கில், 1979 முதல் 1993 வரை. அதிலும் 1987க்குப் பிந்திய 5.0, 225 குதிரைவலு. இலக்கம் சின்னது, ஆனால் காரும் இலேசு, கீழே இருந்தே இழுக்கும். எனக்குப் பிடித்த எஞ்சின் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கை நுழைய இடம் இருக்கும், எதையும் கழற்றுவதற்கு முன் வேறு பத்துச் சாமானைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் அதுவும் இப்போது கிழட்டுக் கார்தான், உன் அண்ணாவின் வேலைக்கு ஆகாது.

செவ்ரோலே பக்கம் 1993இல் கமாரோவுக்கு எல்டி1 என்ற எஞ்சின் வந்தது. கப்ரிஸிலும் அதன் தம்பிதான். ஹெட்டுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் புளொக்குக்கு என்று கூலிங்கைத் தலைகீழாக்கினார்கள், நல்ல யோசனை. கெட்ட யோசனை, சிலிண்டர்களுக்குப் பொறியைப் பிரித்துவிடும் டிஸ்ரிபியூட்டரைக் கொண்டுபோய் எஞ்சினின் முகத்தில், வோட்டர் பம்புக்குக் கீழே வைத்தது. பம்ப் வயதாகிச் சொட்டத் தொடங்கினால் சொட்டுவது நேரே அதன் தலையில்தான். உள்ளே கண்ணாடித்தாள் போல மெல்லிய தகடு ஒன்று நுண்ணிய வெட்டுகளோடு சுற்றும், ஒளியால் அதைப் படித்துத்தான் பொறி வரும் நேரத்தை எடுக்கிறது. ஈரம் பட்டதும் முதலில் தடுமாறும், பிறகு ஒருநாள் நடுவீதியில் நின்றுவிடும். திறந்து பார்த்தால் அந்தத் தகட்டைச் சுற்றிச் சிவப்பாகக் கறள் தூள். டிஸ்ரிபியூட்டரை மட்டும் மாற்றிப் பம்பை விட்டவர்கள் திரும்ப வருவார்கள், பம்பையும் சேர்த்து மாற்றினால்தான் வேலை முடியும்.

அந்தப் பாடம் படித்தவன் செய்த எஞ்சின்தான் எல்எஸ்1. 1998இல் கமாரோவுக்கு வந்தது, 5.7 லீற்றர், அலுமினிய புளொக், டிஸ்ரிபியூட்டரே இல்லை, சிலிண்டருக்கு ஒரு கொயில். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரே ஒன்று, புஷ் றொட், சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான். பழைய தொழில்நுட்பம் என்று சிரிப்பவன் சிரிக்கட்டும். எங்கள் பழைய 3எல் டீசல் எஞ்சினுக்கும் கேடிஎச்சின் 1கேடி எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியும்தானே, எல்எஸ்ஸுக்கும் ஃபோர்டின் புதிய 5.0 எஞ்சினான கொயோட்டிக்கும் ஏறக்குறைய அதே வித்தியாசம். ஒன்று சும்மா கிடந்து உழைக்கும், மற்றது கெட்டிக்காரன், ஆனால் கவனிப்பு கேட்கும்.

இப்போது அவருடைய மூன்று காருக்கும் வருவோம்.

2006 மஸ்டாங் ஜிடி, 300 குதிரைவலு. கார் வடிவு, பின்னால் ஒரே துண்டு அச்சுதான் என்றாலும் சுருள்வில், நன்றாக ஓடும். அதன் வில்லங்கம் ஸ்பார்க் பிளக்கில். இரண்டு துண்டாகச் செய்து பொருத்திய பிளக். கீழ்ப்பகுதி நீளமான மெல்லிய குழாய், அதைச் சுற்றிக் கரி பிடித்து ஹெட்டோடு இறுகிவிடும். பலமாக இளக்கினால் மேல்பாதி கையோடு வரும், கீழ்பாதி உள்ளேயே நிற்கும். கொஞ்சம் இளக்கி, கரி கரைக்கும் திரவம் விட்டு ஊறவைத்து, முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பித்தான் எடுக்க வேண்டும், முறிந்தால் அதற்கென்று தனி எடுப்பான் உண்டு. வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பிளக் எல்லாம் ஏற்கெனவே ஒரு துண்டு வகைக்கு மாற்றியாகிவிட்டதா? ஆம் என்று சொல்லி ரசீதும் காட்டினால் அந்தக் காருக்குப் பயமில்லை.

2012 கமாரோ எஸ்எஸ்ஸில் மனுவல் கியருக்கு எல்எஸ்3, 426 குதிரைவலு. ஓட்டோ கியருக்கு எல்99, 400. வேறுபாடு அந்த 26 இல்லை. எல்99 இல் பாரம் குறைந்தால் நாலு சிலிண்டரைப் படுக்க வைக்கும் வசதி உண்டு, பெற்றோல் மிச்சம் பிடிக்க. அதற்காக வைத்த, வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள்தான் அதன் பலவீனம். ஒன்று இறுகிப் போனால் கேம் ஷாஃப்டையும் தின்றுவிடும், பிறகு ஹெட் கழற்றும் வேலை. உன் அண்ணா மனுவல் ஓடுவாரென்றால் எல்எஸ்3 தேடச் சொல்லு, இந்தப் பட்டியலிலேயே நெடுங்காலம் நிற்கக்கூடிய எஞ்சின் அதுதான்.

சலஞ்சர் 5.7 பற்றி ஓடுகிறவர்கள் யாராவது எழுதட்டும், கை வலிக்கிறது, பிறகு வருகிறேன்.


ஸ்காபரோ குளிர்:

அண்ணை சொன்னதற்கு மேல் எஞ்சினில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. நான் உவர்மலை, இங்கே வந்து கனகாலம். இந்த நாட்டில் வைத்து ஓடும் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஒரு வேடிக்கை, இந்தக் கார்களில் பாதி எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் செய்தவை. 2008க்குப் பிந்திய சலஞ்சர் முழுக்கப் பிராம்ப்டனில் செய்தது, 2023 டிசெம்பரில் கடைசிக் கார் இறங்கும்வரை. 2010 முதல் 2015 வரையான கமாரோ ஓஷாவாவில். அதற்கு முந்திய, 1993 முதல் 2002 வரையான கமாரோ கியூபெக்கில். எங்கள் ஆட்கள் இந்தப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்திருக்கிறார்கள். ஆகவே அமெரிக்க மசில் கார் என்று நாங்கள் சொல்வதில் ஒரு நல்ல பங்கு ஒன்ராறியோ வியர்வை.

சலஞ்சரின் குணத்தைச் சொன்னால், அது விளையாட்டுக் கார் இல்லை, இரண்டு கதவு வைத்த பெரிய வீட்டுக் கார். 1900 கிலோ அளவில் பாரம். மெர்சிடிஸோடு கூட்டாக இருந்த காலத்தில் கிடைத்த அடிப்படையில் எழுந்த சேசிஸ், அதனால் நெடுஞ்சாலையில் மிதக்கும், வளைவில் உடம்பு தெரியும். ஆனால் மூன்றிலும் பின் ஆசனத்தில் பிள்ளையின் இருக்கையைப் பூட்டி மனிசர் மாதிரி ஏறி இறங்கக்கூடியது இதுதான். கமாரோவின் பின் ஆசனம் ஒரு பைக்கட்டு வைக்கத்தான் சரி, அதோடு ஜன்னல்கள் ஒடுக்கம், பின்னால் ஒன்றும் தெரியாது. உங்கள் அண்ணிக்கு அதை ஒரு தடவை பார்க்கிங்கில் பின்னுக்கு எடுக்கக் கொடுத்தால் கதை அன்றோடு முடிந்துவிடும்.

2015இல் இருந்து சலஞ்சருக்கு எட்டு ஓட்டோ கியர் வந்தது, முந்திய ஐந்து கியரை விட எவ்வளவோ மேல். ஆகவே 2016 என்பது நல்ல ஆண்டு. இதே எஞ்சின், இதே கியர், நாலு கதவு வேண்டுமென்றால் சார்ஜர் ஆர்டி. அதுவும் பிராம்ப்டன் பிள்ளைதான். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன், அண்ணா கேட்க மாட்டார், எனக்குத் தெரியும்.

பெற்றோல்: 5.7க்கு நடுத்தர வகை போதும். 6.4 ஹெமிக்கும் எல்எஸ்3க்கும் உயர்ந்த வகை ஊற்றுவதுதான் நல்லது. மஸ்டாங் 5.0 சாதாரண வகையிலும் ஓடும், கொஞ்சம் வலு குறையும், அவ்வளவுதான்.

பனி என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பின்சில்லு இழுக்கும் காரை நல்ல பனிக்கால ரயரோடு ஓடலாம், நான் ஓடியிருக்கிறேன், வலது காலுக்குப் பொறுமை வேண்டும். உண்மையான எதிரி வீதிக்குக் கொட்டும் உப்பு. கடற்காற்றில் ஊர் வாகனங்கள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அது கீழிருந்து வரும். பிரேக் குழாய், பின் சப் பிரேம், சில்லு வளைவு, கதவின் அடி. பொனட் பளபளப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தூக்கியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவனிடம் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் காப்புறுதிக்காரனிடம் அந்தந்தக் காரின் இலக்கத்தைக் கொடுத்து விலை கேட்கச் சொல்லுங்கள். கார் விலையை விட அதுதான் ஆளை விழுத்தும்.


டைக் வீதி:

எல்லோரும் வி8 வி8 என்கிறீர்கள். 2011 மஸ்டாங்கின் வி6, 3.7 லீற்றர், 305 குதிரைவலு. அண்ணா பார்த்து வைத்திருக்கும் 2006 ஜிடி 300. ஆக வி6 அடித்துவிட்டது! 2015இல் வந்த 2.3 டர்போ நாலு சிலிண்டர் 310. பெற்றோலும் குறைவு, காப்புறுதியும் குறைவாக வரலாம். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு எட்டுச் சிலிண்டர் எதற்கு?


பழைய பிஸ்டன்:

டைக் வீதித் தம்பி சொன்ன இலக்கங்கள் சரி. காதுதான் சரியில்லை.

அமெரிக்க வி8 அந்தக் குரலில் பேசுவதற்குக் காரணம், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க். நாலு கிராங்க் முள்ளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் சிலுவை மாதிரி நிற்கும். மொத்தமாகப் பார்த்தால் எட்டுச் சிலிண்டரும் 90 பாகைக்கு ஒன்றாக ஒழுங்காகத்தான் வெடிக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்து நாலை மட்டும் எடுத்துப் பார். எல்எஸ்ஸின் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றை இலக்கம் இடது பக்கம், இரட்டை வலது. இரண்டும் ஆறும் அடுத்தடுத்து ஒரே பக்கத்தில், மூன்றும் ஒன்றும் அடுத்தடுத்து மற்றப் பக்கத்தில். ஆகவே ஒவ்வொரு சைலன்சர்க் குழாய்க்குள்ளும் புகை 90, 180, 270 பாகை என்று ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து விழும். அந்தத் தடுமாற்றம்தான் நீ கேட்கிற "குடுகுடு". 2016 ஷெல்பி ஜிடி350க்கு ஃபோர்ட் தட்டை கிராங்க் போட்டது, 5.2 லீற்றர், 526 குதிரைவலு, நிமிடத்துக்கு 8250 சுற்று வரை போகும், அதன் குரல் இத்தாலிக் கார் மாதிரி அலறும். நல்லதுதான், ஆனால் மஸ்டாங் குரல் இல்லை.

2.3 டர்போ ஓடும், கெட்டிக்கார எஞ்சின். சின்ன வயதிலிருந்து வி8 கேட்ட மனிசன் அதை எடுத்தால் ஒரு வருடத்தில் விற்றுவிட்டு வி8 எடுப்பான், இரண்டு தரம் வரி கட்டுவான்.

கொயோட்டி பற்றிச் சொல்ல விட்டதைச் சொல்கிறேன். 2011இல் வந்த 5.0, முதலில் 412 குதிரைவலு, 2015இல் 435, 2018இல் 460. நாலு கேம், முப்பத்திரண்டு வால்வு. கீழே கொஞ்சம் அமைதி, 4000க்கு மேல் வேறு ஆள். எல்எஸ் கீழேயே தள்ளும், ஹெமியும் அப்படித்தான். இதைச் சுற்ற வேண்டும், சுற்றினால்தான் தெரியும். 2015இல் இருந்து மஸ்டாங் முழுவதுக்கும் பின் சில்லுகள் தனித்தனித் தொங்கலில், அதோடு அந்தக் கார் நாற்பது வயது இளமையாகிவிட்டது. வலது ஸ்டீரிங்கும் தொழிற்சாலையிலிருந்தே வந்தது அந்த மொடலில்தான். எங்கள் நாட்டில் வரி சிலிண்டர் கொள்ளளவுக்குப் போடுகிறார்கள், ஆகவே 5.0ஐ இங்கே யோசிக்கவே வேண்டாம்.

2018இல் சிலிண்டருக்குள் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு உலோகத்தை உருக்கித் தெளித்த பூச்சு கொண்டுவந்தார்கள், இரண்டு வகை இன்ஜெக்டரும் சேர்த்தார்கள். வலு கூடியது. கூடவே தட்டச்சுப் பொறி மாதிரி ஒரு சத்தம், சிலதில் ஒயில் குடிக்கிறது என்ற முறைப்பாடும் வந்தது. என் யோசனை 2015 முதல் 2017 வரை. மனுவல் கியர் பெட்டி கொஞ்சம் முரடு, இரண்டாம் கியருக்குப் போகும்போது கையில் இடறுகிறதா என்று குளிர் நிலையில் பார்க்க வேண்டும்.


மெல்பேர்ண் மச்சான்:

கிண்ணியாவில் பிறந்து இங்கே வந்து சேர்ந்தவன். அமெரிக்கா மட்டும்தான் மசில் கார் செய்தது மாதிரிப் பேசுகிறீர்கள். பிஸ்டன் அண்ணை சவூதியில் லூமினா எஸ்எஸ் கழற்றியிருப்பார், அது ஒஸ்ரேலியாவின் ஹோல்டன் கொமடோர்தான், முகத்தில் செவ்ரோலே வில்லை ஒட்டி அனுப்பினார்கள். 2000க்குப் பிந்திய கப்ரிஸும் எங்களுடையதுதான். 1999இல் கொமடோருக்கு எல்எஸ்1 வந்தது, அன்றிலிருந்து இங்கே தச்சன் முதல் வைத்தியர் வரை வி8 நாலு கதவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார்கள்.

ஃபோர்ட் பக்கம் ஃபல்கன். 1971இன் ஜிடி எச்ஓ மூன்றாம் கட்டம், 351 கிளீவ்லண்ட் எஞ்சினோடு, அதன் விலையை இன்று கேட்டால் வீடு வாங்கலாம். ஆனால் இங்கே பெடியன்கள் கும்பிடுவது வி8ஐ இல்லை, பார்ரா என்கிற நாலு லீற்றர் ஆறு சிலிண்டர் நேர்வரிசை டர்போவை. இரும்பு புளொக், எவ்வளவு அடித்தாலும் வாங்கும். ஃபோர்ட் இங்கே 2016இல் மூடியது, ஹோல்டன் 2017இல். பிறகு வலது ஸ்டீரிங் மஸ்டாங்தான் கதி.

கனடாவுக்கு ஒரு யோசனை: போன்ரியாக் ஜி8 ஜிடி, 2008-2009. அது எங்கள் கொமடோர்தான், 6.0 லீற்றர், 361 குதிரைவலு, நாலு கதவு. ஆனால் அதிலும் சிலிண்டரைப் படுக்க வைக்கும் அந்த லிஃப்டர்கள் உண்டு. போன்ரியாக் என்ற கொம்பனியே இப்போது இல்லை, உடல் பாகங்கள் தேடுவது கஷ்டம். அண்ணாவுக்கு அந்த வேட்டை பிடித்தால் மட்டும்.


நிலாவெளி வீதி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். எழுபதாம் ஆண்டுக் கார் போய்விட்டது, கூட்டாளியிடம் கார் இல்லையாம், சைக்கிள்தானாம். கமாரோவை அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். மிச்சம் சலஞ்சரும் 2015-17 மஸ்டாங்கும்.

சலஞ்சரின் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எஞ்சின் ஓடும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம். விற்கிறவர் "ஹெமி எல்லாம் இப்படித்தான்" என்றாராம். பிஸ்டன் அண்ணை, இது வழமையா?


பழைய பிஸ்டன்:

"எல்லாம் இப்படித்தான்" என்று சொல்கிறவனிடம் நின்று வடிவாகக் கேட்க வேண்டும். 5.7 ஹெமியில் டிக் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வரும், ஒன்று மலிவு, மற்றது எஞ்சின் விலை.

மலிவானது, புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மெனிபோல்டின் போல்ட். சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, அநேகமாகப் பின் ஓரத்தில் உள்ளது முறிந்துவிடும். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் அந்த இடைவெளியால் புகை அடிக்கும், டிக் டிக் என்று கேட்கும். மெனிபோல்ட் சூடாகி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தம் குறையும் அல்லது நின்றுவிடும். முறிந்த துண்டை ஹெட்டிலிருந்து எடுப்பது சிரமம்தான், ஆனால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை. விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கலாம்.

மற்றது லிஃப்டர். அதன் அடியில் சின்ன உருளை ஒன்று கேம் மேல் ஓடும், உருளைக்குள் ஊசி மாதிரி பெயரிங் கம்பிகள். அது தேய்ந்து உருளை சுற்றாமல் நின்றால் கேமின் மேட்டை அரைக்கத் தொடங்கும். இந்தச் சத்தம் சூடானாலும் போகாது. சிலநேரம் சூடான பிறகுதான் தெளிவாகக் கேட்கும். பிறகு ஒரு சிலிண்டர் வெடிக்காமல் எஞ்சின் லைட் எரியும், அந்த நேரம் இரும்புத் தூள் ஒயிலோடு எல்லா இடமும் போயிருக்கும். ஓட்டோ கியரில் நாலு சிலிண்டர் படுக்கும் வசதி உண்டு, மனுவலில் இல்லை. ஆனால் மனுவல் என்றால் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், இந்தத் தேய்வு சாதாரண லிஃப்டரிலும் வரும். நெடுநேரம் நிறுத்தி வைத்து ஓடவிட்ட எஞ்சின், ஒயில் மாற்றக் கஞ்சத்தனம் பண்ணிய எஞ்சின், இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

ஆகவே அண்ணா செய்ய வேண்டியது: போவதற்கு முன் காரைச் சூடாக்க வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்ல வேண்டும். போனதும் பொனட்டில் கை வைத்துப் பார்க்கட்டும், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பலாம். குளிரில் ஸ்டார்ட், பொனட் திறந்து, இரண்டு பக்கமும் காதை வைக்கட்டும். பிறகு நன்றாகச் சூடாகும்வரை ஓடிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் நிறுத்திக் கேட்கட்டும். சத்தம் மேலே வால்வு மூடிக்குள்ளா, கீழே குழாய்ப் பக்கமா என்று ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்தே பிடிக்கலாம். போன் வீடியோவை வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், மைக் எல்லாச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும், நல்ல எஞ்சினும் கெட்டதாகக் கேட்கும்.

பிளக் மாற்றிய விபரமும் கேட்கட்டும். அதில் சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் பதினாறு. அந்தச் செலவை ரசீதோடு செய்தவன் ஒயிலும் ஒழுங்காக மாற்றியிருப்பான் என்பது என் கணக்கு.

இரண்டில் எது என்று நேரே கேட்டால், எஞ்சினுக்கு மஸ்டாங், குடும்பத்துக்கு சலஞ்சர். சூடான பிறகும் அந்த டிக் கேட்டால் சலஞ்சரை விட்டுவிட்டு மஸ்டாங்கைப் பிடிக்கட்டும், பிள்ளையின் இருக்கையைப் பின்னால் எப்படியாவது திணிக்கலாம்.


ஸ்காபரோ குளிர்:

தம்பி, கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டு எனக்குத் தனிச் செய்தி போடும். பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் என்றால் சனிக்கிழமை காலையில் அண்ணாவோடு நானும் போகலாம், கோட் பார்க்கிற ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. ஸ்குரூ டிரைவரை அவர் கொண்டுவரட்டும். பிராம்ப்டன் என்றால் மத்தியானம்தான் முடியும், ஆகவே அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்கிறவருக்கு முதல்நாளே சொல்லி வைக்கச் சொல்லும்.